வள்ளமும் ட்ரெய்லரும்: வாசகர் கேள்வி, அண்ணாச்சி பதில்

போன இதழில் 'ட்ரெய்லரில் வள்ளம் ஏற்றிப் போகிறவர்கள் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள்' என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தோம். உவரியிலிருந்து கூட்டப்புளி வரைக்கும் கடிதமாகவும் வாட்ஸ்அப் குரலாகவும் வந்து குவிந்துவிட்டது. முக்கால்வாசிப் பேர் கேட்டிருப்பது சக்கரத்தைப் பற்றி. எனக்கு அதில் சந்தோஷம்தான். ஏனென்றால் இருபது வருடம் கடலுக்குப் போய், அதற்கப்புறம் திசையன்விளையில் பட்டறை வைத்திருந்தவன் நான். என்னிடம் வந்த வள்ளங்களில் கடலில் அடிபட்டதைவிட, வீட்டுக்கும் கரைக்கும் நடுவில் கெட்டுப்போனதுதான் அதிகம். எல்லாக் கேள்விக்கும் இடமில்லை, ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணாச்சி, எட்டு மாதத்தில் இரண்டு தடவை ட்ரெய்லர் பேரிங் போய்விட்டது. போன தடவை கச்சான் காற்றுக்குப் பயந்து வள்ளத்தைப் பெரியதாழைப் பக்கம் கொண்டுபோகும்போது நடுவழியில் சக்கரம் இறுகி நின்றுவிட்டது. நல்ல கம்பெனி பேரிங்தான் போட்டேன். தப்பு எங்கே இருக்கிறது?
வாசகர், கூத்தங்குழி

தப்பு பேரிங்கில் இல்லை தம்பி, அதைத் தண்ணீரில் இறக்குகிற நேரத்தில் இருக்கிறது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடி வந்த ஹப், அதாவது பேரிங் உட்காருகிற சக்கரத்தின் நடுக்குடம், சூடாக இருக்கும், உள்ளே இருக்கிற காற்றும் சூடாகி விரிந்திருக்கும். வந்த வேகத்தில் அப்படியே கடலில் இறக்கினால் ஹப் சட்டென்று குளிர்ந்து, உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, ஆயில் சீல் என்கிற ரப்பர் வளையம் வழியாக உப்புத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வள்ளத்தை இறக்கிவிட்டு ட்ரெய்லரைக் கரையில் நிறுத்திவிட்டுப் போய்விடுவோம், உள்ளே துரு தன் வேலையை ஆரம்பித்துவிடும். அதனால் கரைக்கு வந்ததும் முதலில் ஹப் மேல் கையை வையுங்கள். கை வைத்து நிற்க முடியாத சூடு என்றால் பேரிங் ஏற்கெனவே சரியில்லை. இளஞ்சூடுதான் என்றால் இருபது நிமிடம் ஆறட்டும். அந்த நேரத்தில் வலையை எடுத்து வையுங்கள், எரிபொருள் நிரப்புங்கள், ஒரு டீ குடியுங்கள். ஹப் மூழ்காமலே வள்ளத்தை இறக்க முடிகிற கரை என்றால் மூழ்க விடவே விடாதீர்கள்.

இன்னொன்று நம்ம கரைக்கே உரிய தொல்லை. உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை மணலை ஒரு பிடி அள்ளி வெயிலில் பாருங்கள், கறுப்பும் சிவப்புமாக மின்னும். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். கார்னெட்டைத்தான் உலகம் முழுக்க உப்புத்தாள் செய்யவும் இரும்பு அறுக்கவும் வாங்குகிறார்கள். அந்த மணல் ஒரு சிட்டிகை கிரீஸுக்குள் போனால் போதும், நீங்கள் போட்ட கிரீஸே அரைக்கிற பசையாக மாறி பேரிங்கைத் தின்றுவிடும். ஆகவே ஹப்பின் மூடி கழன்று விழுந்துவிட்டால் பழைய துணியைத் திணித்து ஓட்டுவது, பிளாஸ்டிக் பையைச் சுற்றி ஓட்டுவது எல்லாம் இங்கே ஒரு நாளைக்குக்கூட ஆகாது.

வருடத்துக்கு ஒரு தடவை, முடிந்தால் இரண்டு தடவை, ஹப்பைக் கழற்றிப் பாருங்கள். கடினமான வேலை இல்லை. மூடியை எடுத்து, நட்டு கழலாமல் பூட்டுகிற ஸ்பிளிட் பின்னை நிமிர்த்திப் பிடுங்கி, நட்டைக் கழற்றினால் வெளிப் பேரிங் கையோடு வந்துவிடும். கிரீஸின் நிறத்தைப் பாருங்கள். மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, உருளைகளை ஒவ்வொன்றாக நகத்தால் தடவுங்கள். நகம் தட்டுகிற பள்ளம் இருந்தாலும் நீலம் பாய்ந்திருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள், அது உட்காரும் வெளிவளையத்தையும் சேர்த்து மாற்றுங்கள். நன்றாக இருந்தால் உள்ளங்கையில் எலுமிச்சை அளவு கிரீஸை வைத்துக்கொண்டு, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் குத்திக் குத்தி அழுத்துங்கள். மறுபக்கம் உருளைகளுக்கு நடுவில் மண்புழு மாதிரி கிரீஸ் எட்டிப் பார்க்கும். சுற்றி எல்லா இடத்திலும் அப்படி வந்தால்தான் உள்ளே போயிருக்கிறது, மேலே பூசுவது பூச்சு மட்டும்தான். தண்ணீரில் கரையாத மரைன் கிரீஸ் என்றே கேட்டு வாங்குங்கள், இரண்டு வகைக் கிரீஸைக் கலக்காதீர்கள். சீல் எத்தனை புதுசாகத் தெரிந்தாலும் கழற்றிய சீலைத் திரும்பப் போடக் கூடாது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை முறுக்கி, அப்புறம் கொஞ்சம் தளர்த்தி விடுங்கள். சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும், ஆட்டினால் அசைவு தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும்.

ஸ்பிளிட் பின் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். வருடம் பல ஆயிற்று. ஒரு ராத்திரி நாங்குநேரி தாண்டி வந்துகொண்டிருந்தேன். அன்று காலையில்தான் ஹப்பைக் கழற்றி மாட்டியிருந்தேன், பழைய பின்னையே நிமிர்த்தி மறுபடி மாட்டியிருந்தேன். இடது சக்கரம் ஹப்போடு கழன்று, என் வண்டியைத் தாண்டி முன்னால் உருண்டு போய், ஒரு டீக்கடை பெஞ்சுக்கு இரண்டு முழம் தள்ளிச் சுவரில் மோதி நின்றது. பெஞ்சில் ஒரு பெரியவர் தம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. ஒரு டீயைவிட விலை குறைந்த பின் அது. ஒவ்வொரு தடவையும் புதுசு போடுங்கள்.

பாளையங்கோட்டையில் வேலை, சனி ஞாயிறு மட்டும் தூண்டில் போடப் போவேன். 14 அடி ஃபைபர் படகு, ஜீப்பில் இழுக்கிறேன். வள்ளியூர் தாண்டினால் ட்ரெய்லர் வால் ஆட்டுகிறது. ஆடி மாதம் பணகுடி பக்கம் ஒரு தடவை பக்கத்து லேனுக்கே போய்விட்டது. பயந்துவிட்டேன்.
வாசகர், பாளையங்கோட்டை

பயந்தது நல்லது சார், அந்தப் பயத்தோடேயே இதைப் படியுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மே முதல் செப்டம்பர் வரை வருகிற மேல்காற்றை நம்பித்தான் பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல் முழுக்கக் காற்றாலை நட்டிருக்கிறார்கள். அந்தக் காற்று உங்கள் படகின் விலாவில் அடிக்கிறது. லாரியையோ பஸ்ஸையோ தாண்டும்போது அது காற்றை மறைக்கும், அதைத் தாண்டி வெளியே வந்த நொடியில் காற்று மொத்தமும் ஒரே அடியாக விழும். அந்த இடத்தில்தான் நீங்கள் லேன் மாறிப் போயிருப்பீர்கள்.

ஆனால் காற்று பாதிதான். மீதி, ட்ரெய்லரின் மூக்கில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்பது. கொக்கி மேல் உட்காருகிற பாரம் மொத்த எடையில் 7 முதல் 10 சதவீதம் இருக்க வேண்டும். படகு, எஞ்சின், ட்ரெய்லர் எல்லாம் சேர்ந்து 500 கிலோ என்றால் மூக்கில் 35 முதல் 50 கிலோ. அதற்குக் குறைந்தால், பாரம் பின்னால் போய்விட்டால், ட்ரெய்லர் வால் ஆட்டும். அளப்பது சுலபம். மளிகைக் கடைத் தட்டுத் தராசு ஒன்றை இரவல் வாங்கி, சமதரையில் ட்ரெய்லரை நிறுத்தி, கொக்கி உயரத்துக்கு ஒரு கட்டையை நட்டுத் தராசு மேல் வைத்து மூக்கை அதில் இறக்குங்கள். குறைவாக வந்தால், படகை இழுத்து ஏற்றுகிற வின்ச் கம்பத்தை முன்னால் தள்ளி, படகையே முன்னால் ஏற்றுங்கள். போகும்போது மட்டும் அளந்தால் போதாது என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. காலையில் ஐஸ் பெட்டி காலி, எரிபொருள் டேங்க் நிறைவு. சாயங்காலம் டேங்க் காலி, ஐஸ் பெட்டியில் மீனும் ஐஸுமாக ஐம்பது கிலோ. அந்தப் பெட்டி படகின் பின்பக்கம் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்தால், காலையில் ஒழுங்காக வந்த ட்ரெய்லர் சாயங்காலம் ஆடும். பெட்டியை அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்பக்கம், நகர்த்துங்கள், அல்லது ஜீப்பிலேயே ஏற்றிவிடுங்கள்.

ஆட ஆரம்பித்துவிட்டால் பிரேக்கை அழுத்தாதீர்கள். வேகத்தைக் கூட்டி இழுத்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள், தானாக அடங்கும். அந்த மாதங்களில் வள்ளியூருக்கும் காவல்கிணற்றுக்கும் நடுவில் 50க்கு மேல் போக வேண்டாம். விடியற்காலையில் காற்று கொஞ்சம் அடங்கியிருக்கும், அந்த நேரத்தில் தாண்டிவிடுங்கள்.

படகைக் கட்டுகிற பட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்னால் வின்ச் பட்டை மட்டும் போதாது, பின்னால் இரண்டு பக்கமும் ட்ரெய்லர் சட்டத்தோடு கட்ட வேண்டும். தட்டையான பட்டையை அப்படியே இழுத்துக் கட்டினால் காற்றில் படபடவென்று அடித்து ஃபைபரைத் தேய்க்கும். ஒரே ஒரு முறுக்குக் கொடுத்துக் கட்டிப் பாருங்கள், சத்தம் நின்றுவிடும். கொக்கிக்குக் கீழே பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் குறுக்காக மாட்டுங்கள், கொக்கி விட்டுப்போனால் மூக்கு ரோட்டில் குத்தாமல் சங்கிலியில் தாங்கும்.

ட்ரெய்லருக்கும் நம்பர் வாங்க வேண்டுமா? வள்ளம்தான் மீன்வளத்துறையில் பதிந்திருக்கிறதே?
வாசகர், பெருமணல்

வேண்டும். இரண்டும் வேறு வேறு. கடலில் போவதற்கு மீன்வளத்துறைப் பதிவு, ரோட்டில் போவதற்கு 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி ட்ரெய்லருக்குத் தனிப் பதிவு. இழுக்கிற வண்டியின் இன்சூரன்ஸில் ட்ரெய்லர் சேர்ந்திருக்கிறதா என்றும் தாளை எடுத்துப் படித்துப் பாருங்கள். பின்விளக்கு எரியாத ட்ரெய்லரை ராத்திரியில் எடுக்கவே எடுக்காதீர்கள். தண்ணீரில் இறக்குமுன் விளக்கு ஒயரின் பிளக்கைக் கழற்றிவிட்டால் பல்பு வெடிக்காது, ஃபியூஸும் போகாது.

எங்கள் ஊரில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான். நல்ல தண்ணீர் குடத்துக்குக் காசு. எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவு என்று எல்லோரும் சொல்கிறார்கள், குடிக்கவே இல்லாதபோது எஞ்சினுக்கு எங்கே போவது அண்ணாச்சி?
வாசகி, உவரி (வள்ளம் கணவர் ஓட்டுகிறார், கணக்கும் பராமரிப்பும் நான்)

தங்கச்சி, இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை ஆரம்பித்தது சரிதான் என்று தோன்றியது. கையேட்டில் 'ஹோஸ் பைப்பை மாட்டிப் பத்து நிமிடம் ஓடவிடவும்' என்று போட்டிருப்பான், அது குழாயில் தண்ணீர் வருகிற ஊருக்கு எழுதியது. நீங்கள் ஒரு பிளாஸ்டிக் டிரம்மை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினின் கீழ்க்கால் மட்டும் உள்ளே போகிற அளவுக்கு ஒடுக்கமாக இருந்தால் நல்லது, அகலம் குறையக் குறையத் தண்ணீரும் குறைவாகப் பிடிக்கும். ப்ரொப்பல்லரைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஒரு மரத் தாங்கியில் மாட்டி, கீழ்க்காலை டிரம்முக்குள் இறக்கி, ப்ரொப்பல்லருக்கு மேலே இருக்கிற தட்டு மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, நியூட்ரலில் மெதுவாக ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். முதலில் வருகிற தண்ணீர்தான் அதிக உப்பு. எஞ்சின் பின்னால் சின்னத் துளை வழியாகப் பீச்சியடிக்கும் தண்ணீரை முதல் ஒரு நிமிடம் ஒரு வாளியில் பிடித்து வெளியே கொட்டிவிடுங்கள், டிரம்மில் குறைகிற அளவுக்கு மட்டும் புதுத் தண்ணீர் ஊற்றினால் போதும். மீதியை மூடி வைத்தால் மறுநாளைக்கும் ஆகும், நாக்கில் வைத்துப் பார்த்துக் கரித்தால் மாற்றிவிடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் மழைத் தண்ணீரை அந்த டிரம்மிலேயே பிடித்து வைக்கலாம். தினம் முடியாவிட்டாலும், எஞ்சினை இரண்டு நாளைக்கு மேல் சும்மா போடப்போகிறீர்கள் என்றால் அந்தக் கடைசி நாள் கட்டாயம் கழுவிவிடுங்கள். ஓடுகிற எஞ்சினைவிட, உப்பைக் குடித்துவிட்டு நிற்கிற எஞ்சின்தான் சீக்கிரம் சாகும்.

அந்தத் துளையில் வருகிற தண்ணீரை உங்கள் கணவர் தினமும் பார்க்க வேண்டும். பென்சில் கனத்துக்கு வந்தது நூல் மாதிரி ஆகிவிட்டால் முதலில் மெல்லிய கம்பியால் துளையைக் குத்திப் பார்க்கலாம், மணல் அடைத்திருக்கும். அப்படியும் வராவிட்டால் உள்ளே தண்ணீரை இழுத்து ஏற்றுகிற ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்கிறது. கரைமணலில் ஸ்டார்ட் பண்ணுகிற நம்ம பழக்கத்துக்கு அது வருடத்துக்கு ஒன்று போகும். தண்ணீருக்கு வெளியே 'சும்மா ஒரு தடவை' ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பதை நிறுத்தச் சொல்லுங்கள், சில நொடியிலேயே அந்த ரப்பர் கருகிவிடும்.

நீங்கள் தனியாகக் கேட்ட இரண்டாவது கேள்விக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினைப் பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது எல்லோரும் செய்வதுதான். கரைக்கு வரும்போது நிறுத்துவதற்கு முன்னால் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும், இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். கார்பரேட்டரில் மண்ணெண்ணெய் தேங்கி நின்றால் மறுநாள் காலையில் கயிறு இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும். ஆயில் விஷயத்தில் கருமித்தனம் வேண்டாம். பைக்குக்குப் போடும் டூ-டி ஆயில் விலை குறைவுதான், ஆனால் அது காற்றில் குளிர்கிற எஞ்சினுக்கானது. டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்கிற அவுட்போர்டு ஆயில்தான் வேண்டும். பெட்ரோலுக்கு 50க்கு 1 என்று கையேடு சொன்னால் லிட்டருக்கு 20 மில்லி, பத்து லிட்டர் கேனுக்கு 200 மில்லி. மண்ணெண்ணெய்க்கு அளவு வேறாக இருக்கும், உங்கள் எஞ்சின் கையேட்டில் போட்டிருப்பதை அப்படியே பின்பற்றுங்கள்.

குட்டம் தேரிக்குப் பக்கத்தில் வீடு. ட்ரெய்லரை வெளியே எடுப்பதற்குள் மணலில் புதைந்துவிடுகிறது. பெரிய டயர் போடலாமா?
வாசகர், குட்டம்

டயரை மாற்றுமுன் காற்றைக் குறைத்துப் பாருங்கள். 35 பவுண்டு அடித்த டயரை 18, 20க்கு இறக்கினால் அடி அகன்று மணல் மேல் மிதந்து போகும். ஆனால் தார் ரோட்டில் ஏறுமுன் திரும்ப அடித்தே ஆக வேண்டும், இல்லையென்றால் சூடேறி வெடிக்கும், அதனால் கால் பம்பு ஒன்று வண்டியிலேயே கிடக்கட்டும். வழியில் பனை ஓலையையோ பழைய வலையையோ விரித்தாலும் பிடிப்புக் கிடைக்கும். அப்புறம், ட்ரெய்லர் டயர் தேய்ந்து போவதில்லை, வயதாகித்தான் போகிறது. பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 3219 என்றால் 2019ஆம் வருடம் 32வது வாரம் செய்தது. ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால், பட்டன் எல்லாம் புதுசு மாதிரி இருந்தாலும், நெடுந்தூரத்துக்கு நம்பாதீர்கள்.

திசையன்விளையில் வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறேன். நாக (ஜிங்க்) முலாம் பூசிய பைப்பில் ஒரு ட்ரெய்லரை ஒட்டுப்போட்டேன், அன்று ராத்திரி குளிரும் காய்ச்சலும். மலேரியா என்று சோதித்தார்கள், இல்லை.
வாசகர், திசையன்விளை

தம்பி, அந்த வெள்ளைப் புகைதான். நாகம் எரிந்து வருகிற புகையை மூச்சில் இழுத்தால் சில மணி நேரம் கழித்து அப்படித்தான் குளிர் காய்ச்சல் வரும், பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் போய்விடும். போய்விடுகிறதே என்று திரும்பத் திரும்பச் செய்யாதே. மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் டாக்டரிடம் என்ன வெல்டிங் செய்தாய் என்பதையும் சொல். ஒட்டுப்போடுகிற இடத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு முலாமைக் கிரைண்டரால் சுத்தமாக எடுத்துவிட்டு, வெளியே திறந்த இடத்தில், காற்று உன் முதுகுப் பக்கமோ முகத்துக்கு நேராகவோ இல்லாமல் பக்கவாட்டில் வீசுகிற மாதிரி நின்று செய். அதற்கென்று இருக்கிற முகமூடியைப் போடு, துண்டைக் கட்டினால் புகை நிற்காது. முடிந்ததும் அந்த இடத்தில் நாகம் கலந்த பெயிண்ட் இரண்டு கோட் அடிக்காவிட்டால் உன் ஒட்டுதான் முதலில் துருப்பிடிக்கும்.

சட்டம் செய்கிறபோது பெட்டிப் பைப்பின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை போட்டுக்கொடு. உள்ளே போன கடல் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளிருந்தே அரிக்கும், வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். பழைய ட்ரெய்லர் யாராவது கொண்டுவந்தால் சுத்தியலால் அடிப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே போ. கணீரென்ற சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று மாறும், அங்கே இரும்பு இல்லை.

வள்ளத்தின் அடியில் சிலந்தி வலை மாதிரி கீறல்கள். கடலில் எங்கேயும் மோதவில்லை.
வாசகர், கூட்டப்புளி

ட்ரெய்லர் மேல் மோதியிருக்கிறது. ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்திலும் வள்ளத்தின் மொத்த எடையும் இரண்டு மூன்று உருளைகள் மேல் மட்டும் விழுந்தால் ஃபைபர் அப்படித்தான் கீறும். பாரத்தை நடு ஏரா, அதாவது வள்ளத்தின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு, தாங்க வேண்டும். பக்கத்தில் நீளமான மரச்சட்டம் இரண்டு, சாக்கோ பழைய கார்ப்பெட்டோ சுற்றி, அடியோடு ஒட்டி உட்காருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் மாட்டுகிற பின்பலகைக்கு நேர் கீழேயும் தாங்கல் இருக்க வேண்டும். கீறலை நகத்தால் அழுத்திப் பாருங்கள். மேல்பூச்சு மட்டும் என்றால் அவசரமில்லை. அழுத்தினால் உள்வாங்கினாலோ ஈரம் கசிந்தாலோ கடலுக்கு எடுக்காதீர்கள்.

வள்ளத்தின் அடித்துளையை மூடுகிற பிளக்கைப் போட மறந்துவிட்டேன், கரையிலேயே பாதி மூழ்கிவிட்டது. மறக்காமலிருக்க ஏதாவது வழி?
வாசகர், இடிந்தகரை

பிளக்கைக் கழற்றியதும் எஞ்சினின் அவசர நிறுத்தக் கயிற்றோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். அந்தக் கயிறு இல்லாமல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது.

விஜயநாராயணம் பெரியகுளத்தில் மீன்பாசிக் குத்தகை எடுத்திருக்கிறோம். அலுமினியப் படகு, கடலில் ஓடிய பழைய எஞ்சின். நல்ல தண்ணீர்தானே, கவனிக்க ஒன்றுமில்லையே?
வாசகர், நாங்குநேரி பக்கம்

உப்புத் தொல்லை குறைவு, வேறு தொல்லை உண்டு. ஆகாயத்தாமரையும் பாசியும் எஞ்சின் தண்ணீர் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடும், அரைமணி நேரத்துக்கு ஒரு தடவை எஞ்சினை நிறுத்திவிட்டுத் தூக்கிப் பாருங்கள். எஞ்சினில் ஒட்டியிருக்கிற அரிமானக் கட்டி கடல் தண்ணீருக்கான நாகக் கட்டியாக இருக்கும், நல்ல தண்ணீரில் மெக்னீசியக் கட்டிதான் நன்றாக வேலை செய்யும், மாற்றிவிடுங்கள். எந்தக் கட்டியானாலும் அதன் மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள், அது தான் கரைந்து எஞ்சினைக் காப்பாற்றுவதற்காகவே இருக்கிறது. பாதி கரைந்ததும் புதுசு.

என் மகனுக்குப் பத்தொன்பது வயது. தனியாக வள்ளம் எடுக்கிறான். சொன்னால் கேட்பதில்லை. நீங்கள் எழுதினால் படிப்பான்.
ஒரு தாய், கூத்தங்குழி

அம்மா, அவனிடமே பேசுகிறேன்.

தம்பி, கடலைப் பற்றி உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, உன் அப்பாவும் தாத்தாவும் சொல்லியிருப்பார்கள். ஆனால் தனியாகப் போகிறவனுக்கு அவர்கள் காலத்தில் இல்லாத ஒரு ஆபத்து உண்டு. கைப்பிடி எஞ்சினில் திரும்பும்போது ஒரு அலை தட்டி நீ விழுந்தால், வள்ளம் நிற்காது. அது உன்னை விட்டுவிட்டுப் போகும், இல்லை வட்டமடித்து ப்ரொப்பல்லரோடு உன் மேலேயே திரும்பி வரும். அதற்குத்தான் எஞ்சினை நிறுத்துகிற அந்தச் சிவப்புச் சுருள் கயிறு. அதை எஞ்சினிலேயே கட்டி வைக்காமல் உன் மணிக்கட்டில் மாட்டு. லைஃப் ஜாக்கெட் உட்காருவதற்கு மெத்தையாக இருந்து பயனில்லை, உடம்பில் இருக்க வேண்டும். போனைத் தண்ணீர் புகாத பையில் கழுத்தில் போட்டுக்கொள். கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இரண்டையும் மனப்பாடம் செய், வள்ளத்தின் உள்பக்கம் பெயிண்டிலும் எழுதி வை. கிளம்புமுன் இந்தியக் கடல் தகவல் மையமான இன்காய்ஸின் கடல்நிலை அறிவிப்பைப் பார். கள்ளக்கடல் எச்சரிக்கை என்று வந்திருந்தால், கரையில் காற்றே இல்லாமல் பளிச்சென்று இருந்தாலும் இறக்காதே. அந்த அலை எங்கோ தூரத்தில் அடித்த காற்றில் கிளம்பி வருவது, இங்கே வானத்தைப் பார்த்தால் தெரியாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி வந்தபோது, முந்தின நாட்களிலேயே கிளம்பிப் போயிருந்தவர்களைக் கூப்பிட்டுச் சொல்ல வழியில்லாமல் கரையில் நின்றவர்கள் பட்டதை நான் பார்த்தேன். எங்கே போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வள்ளத்தை லாரியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுபோனோம். ஆட்களை ஏற்றி இறக்கினோம். திரும்பி வந்தபின் எஞ்சின் சரியாகவே இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாலும் போவோம், ஆனால் எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்?
வாசகர், உவரி

முதலில், போனதற்கு நன்றி தம்பி. டிசம்பர் 17, 18இல் தாமிரபரணிக் கரை முழுக்கத் தண்ணீர் நின்றபோது கடற்கரை ஊர்க்காரர்கள் வள்ளத்தோடு வந்து இறங்கியதை இந்தப் பக்கத்து ஜனங்கள் மறக்க மாட்டார்கள்.

தெருவுக்குள் எஞ்சினை ஓட்டாதீர்கள். அடியில் காம்பவுண்டுச் சுவர், முள்கம்பி, கவிழ்ந்த பைக் எல்லாம் கிடக்கும். துடுப்பும் நீளமான கம்பும்தான் அங்கே சரி. முன்னால் ஒருவர் கம்பால் ஆழம் பார்த்துக்கொண்டே இருக்கட்டும், பழைய மண் சுவர் வீட்டுப் பக்கம் அலை கிளம்பாமல் போங்கள். கரண்ட் ஒயர் தொங்குகிற தெருவில், லைனை நிறுத்தியாயிற்று என்று மின்வாரிய ஆள் நேரில் சொல்லும்வரை நுழையாதீர்கள். திறந்த வெளியில் ஓட்டும்போது எஞ்சினைப் பாதி தூக்கி, உறிஞ்சும் துளை மட்டும் மூழ்குகிற மாதிரி மெதுவாக ஓட்டுங்கள். சேற்றுத் தண்ணீர்தான் உங்கள் இம்பெல்லரைத் தின்றிருக்கும், அதை மாற்றுங்கள்.

கீழ்க்காலில் கியர் ஆயில் ஸ்குரூவைக் கொஞ்சம் தளர்த்தி ஒரு சொட்டு விரலில் எடுத்துப் பாருங்கள். டீ நிறத்தில் பால் கலந்த மாதிரி இருந்தால் சீல் போய்த் தண்ணீர் ஏறியிருக்கிறது. ப்ரொப்பல்லர் தண்டில் மீன்பிடி நரம்போ புடவைக் கிழிசலோ சுற்றியிருக்கும், அதுதான் சீலை அறுத்திருக்கும். ப்ரொப்பல்லரைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு, சீலையும் ஆயிலையும் மாற்றியபின் ஸ்டார்ட் பண்ணுங்கள். அடுத்த தடவை லாரி கிடைக்காமல் ட்ரெய்லரிலேயே கொண்டுபோக வேண்டி வரலாம். ஐப்பசி பிறக்குமுன் ஹப்பைக் கழற்றி கிரீஸ் போட்டு, டயரில் முழுக் காற்றோடு, விளக்கு எரிகிறதா என்று பார்த்து, ட்ரெய்லரின் மூக்கு ரோட்டைப் பார்க்கிற மாதிரி திருப்பி நிறுத்தி வையுங்கள்.